தொற்றுநோய் ஆய்வுக்கூடத்தில் விடுமுறைப் பயிற்சி: நம் பிள்ளைகள் எப்படி உள்ளே போவது?

வாசுகி_யீஷூன்

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் பாலியில் (பலதுறைத் தொழிற்கல்லூரி) உயிர்மருத்துவ அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அப்பா பேருந்து ஓட்டுநர், அம்மா வீட்டில் இருக்கிறார். குடும்பத்தில் ஓ நிலைத் தேர்வை (உயர்நிலைப்பள்ளி இறுதித் தேர்வு) தாண்டிப் படிப்பது நான்தான் முதல் ஆள். எங்கள் அடுக்குமாடி புளோக் பக்கம் வொல்பாக்கியா என்ற பாக்டீரியாவைச் சுமக்கும் ஆண் கொசுக்களைக் கொண்டுவந்து விடுவார்கள். டெங்கியைத் தடுக்கக் கொசுவையே ஏன் விடுகிறார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன், அப்படியே இந்தப் படிப்பில் வந்து சேர்ந்துவிட்டேன்.

தொற்றுநோய் ஆய்வில் பயிற்சி என்று இணையத்தில் தேடினால் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் கோடைகாலத் திட்டங்கள்தான் வரிசையாக வருகின்றன. அறிவியலில் குறைவாகத் தென்படும் சமூகத்தினர், குடும்பத்தில் முதல் தலைமுறையாகப் படிப்பவர்கள், வசதி குறைந்தவர்கள், உடற்குறையுள்ளோர் ஆகியோருக்கென்றே நடத்துகிறார்கள். எட்டுப் பத்து வாரம், உதவித்தொகை, தங்குமிடம், வழிகாட்டி எல்லாம் உண்டு.

நான் அவற்றுக்கு விண்ணப்பிக்க முடியுமா? முடியாது என்றால் இங்கே அதுபோல எதுவும் இருக்கிறதா? எனக்கு ஆய்வுக்கூடத்தில் ஒருவரையும் தெரியாது.

பிப்பெட்_அக்கா

வாசுகி, முதலில் கசப்பான செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நீ பார்த்தவற்றில் பெரும்பாலானவை அமெரிக்க அரசின் அறிவியல் நிதி அமைப்பான என்எஸ்எஃப் அல்லது மருத்துவ ஆய்வு அமைப்பான என்ஐஎச் பணத்தில் நடப்பவை. என்எஸ்எஃப் நடத்தும் ஆர்இயு என்ற மாணவர் ஆய்வுப் பயிற்சித் திட்டங்களில் உதவித்தொகை பெற அமெரிக்கக் குடிமக்களாகவோ நிரந்தரவாசிகளாகவோ இருக்க வேண்டும், பட்டப்படிப்பிலும் இருக்க வேண்டும். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் நோய்ப்பரவலைக் கணிதத்தோடு சேர்த்துச் சொல்லித்தரும் ஒரு நல்ல ஆர்இயு உண்டு. அதன் பக்கத்தைப் படித்துப் பார், என்னென்ன திறன்களை எதிர்பார்க்கிறார்கள் என்று புரியும். விண்ணப்பிக்கத்தான் முடியாது. இன்னொன்று, பின்தங்கிய மாணவர்களுக்கான இத்தகைய பயிற்சிகள் பலவற்றுக்கு 2025இல் என்ஐஎச் பணத்தை நிறுத்தியது. அங்குள்ள மாணவர்களே இப்போது தவித்துக்கொண்டிருக்கிறார்கள்.

எந்த நாட்டவரும் போகக்கூடியது என்றால் ஜப்பானில் ஓக்கினாவாவில் இருக்கும் ஓஐஎஸ்டி என்ற ஆய்வுப் பல்கலைக்கழகம். பயணச் செலவும் தங்குமிடமும் அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். பட்டப்படிப்புக்குப் போனபின் முயற்சி செய்.

இங்கே கதவுகள் இல்லாமல் இல்லை. பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தொடக்கக் கல்லூரி மாணவர்களுக்கு அறிவியல் ஆய்வுத் திட்டமான எஸ்ஆர்பியும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமான என்டியு நடத்தும் நன்யாங் ஆய்வுத் திட்டமும் உண்டு. பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டால் இளநிலை மாணவர்களுக்கான ஆய்வுத் திட்டங்கள் உண்டு: சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமான என்யுஎஸ்ஸில் யூராப்ஸ், என்டியுவில் யுரெக்கா. பாலி மாணவர்களுக்குப் பெரிய வழி இறுதியாண்டு வேலைப் பயிற்சிதான். அதை எந்த ஆய்வுக்கூடத்தில் செய்கிறாய் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

தேக்கா_முருகையா

வணக்கம் பிள்ளைகளே. எனக்கு ஒரு சந்தேகம். நமக்கென்று தனித் திட்டம் கேட்பது எதற்கு? இந்த நாட்டில் மதிப்பெண் இருந்தால் கதவு திறக்கும். எங்கள் காலத்தில் உபகாரச் சம்பளம் என்ற சொல்லே வீட்டில் யாருக்கும் தெரியாது, ஆனாலும் படித்தோம். சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டா 1991இலிருந்து இருக்கிறது, துணைப்பாட வகுப்பு நடத்துகிறது, உதவி நிதி தருகிறது. அதைப் பயன்படுத்திக்கொண்டு முன்னேற வேண்டியதுதானே. சலுகையில் நுழைந்தவள் என்று நாளைக்கு யாராவது இந்தப் பெண்ணைச் சொன்னால் நன்றாக இருக்குமா?

வைரஸ்_வேலு

ஐயா, மதிப்பெண் இருந்தால் வகுப்பறைக் கதவு திறக்கும், அதில் சந்தேகமில்லை. ஆய்வுக்கூடக் கதவு வேறு மாதிரி. நான் முனைவர் பட்டத்துக்கு இப்போதுதான் எழுதிக்கொண்டிருக்கிறேன். எங்கள் கூடத்துக்கு விடுமுறையில் வந்த பள்ளி மாணவர்களில் பாதிப் பேருக்கு அப்பாவோ சித்தியோ மருத்துவர், அல்லது அடுத்த மாடியில் பேராசிரியர். கெட்ட பிள்ளைகள் இல்லை, கெட்டிக்காரர்கள்தான். ஆனால் ‘யாருக்கு மின்னஞ்சல் அனுப்புவது’ என்ற கேள்வியே அவர்களுக்கு வந்ததில்லை. அந்தக் கேள்விக்குத் துணைப்பாட வகுப்பில் விடை கிடைக்காது.

அப்புறம் நாட்காட்டி. இதை யாரும் பேசுவதில்லை. பல்கலைக்கழக விடுமுறை மே முதல் ஆகஸ்டுத் தொடக்கம் வரை. கூடங்கள் விடுமுறை மாணவர்களை எடுப்பது அந்தக் கணக்கில்தான். பாலிக்கு நீண்ட விடுமுறை மார்ச்சிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் வருகிறது. ஜூனில் கிடைப்பது சில வாரங்கள்தான். தொடக்கக் கல்லூரிக்கும் ஜூனில் ஒரு மாதம்தான், அதிலும் பாதி தேர்வுக்குப் படிப்பதில் போய்விடும். தொழில்நுட்பக் கல்விக் கழகமான ஐடிஇ மாணவர்களை இந்தப் பேச்சில் யாரும் நினைப்பதுகூட இல்லை. பையனாக இருந்தால் கட்டாய தேசிய சேவை வேறு இடையில் வந்து நிற்கும். பாலி மாணவி ஒருத்தி மே மாதம் வரமுடியவில்லை என்றால் ‘ஆர்வமில்லை’ என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

வாசுகி_யீஷூன்

வேலு அண்ணே, மார்ச் விடுமுறையில் நான் வேலைக்குப் போவேன். ரொட்டிக் கடையில் முழு நேரம். அடுத்த பருவத்துச் செலவுக்கு அதுதான் பணம். சம்பளமில்லாமல் ஆய்வுக்கூடத்துக்குப் போகிறேன் என்று வீட்டில் எப்படிச் சொல்வது என்றே தெரியவில்லை.

பிப்பெட்_அக்கா

இதைத்தான் எழுத வந்தேன். அமெரிக்கத் திட்டங்களில் எனக்குப் பிடித்தது அந்தப் பெயர்ப்பலகை அல்ல, உதவித்தொகை. ‘கோடையில் நீ கடையில் நின்று சம்பாதித்திருப்பாய், அந்தப் பணத்தை நாங்கள் தருகிறோம், நீ இங்கே நின்று கற்றுக்கொள்’ என்கிறார்கள். இங்கே இருக்கும் திட்டங்களில் பலவும் ‘அனுபவமே சம்பளம்’ என்ற எண்ணத்தில் நடப்பவை. அப்படியென்றால் சம்பளம் தேவைப்படாத பிள்ளைதான் வருவாள். யாரும் யாரையும் விலக்க வேண்டியதே இல்லை, தானாகவே நடந்துவிடும்.

முருகையா ஐயா, சிண்டாவை நீங்களே எடுத்ததால் கேட்கிறேன். நம் சம்பளத்திலிருந்து மத்திய சேமநிதி வழியாக மாதாமாதம் அந்த நிதிக்குப் பணம் போகிறது. அதில் ஆய்வுக்கூடப் பயிற்சிக்குப் போகும் பாலி, ஐடிஇ பிள்ளைகளுக்குப் பகுதிநேரச் சம்பளத்துக்கு ஈடான ஒரு சிறு தொகை ஒதுக்கச் சொன்னால் அது சலுகையா?

தேக்கா_முருகையா

அது சலுகை இல்லை, ஒத்துக்கொள்கிறேன். பணக்கணக்கு வேறு விஷயம். ஆனால் இனத்தைச் சொல்லிக் கேட்பதில் எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை.

செங்காங்_தாய்

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என் மகனும் இந்த மாதிரி ஆசைப்படுகிறான், தொடக்கக் கல்லூரி முதலாண்டு. எனக்குப் பயம்தான். 2003இல் சார்ஸ் வந்தபோது நான் இவனுக்கு மூத்த பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தேன், தினமும் காய்ச்சல் அளந்த ஞாபகம் இன்னும் இருக்கிறது. பதினேழு வயதுப் பையனைக் கிருமியோடு வேலை செய்ய விடுவார்களா? ஏதாவது ஆகிவிட்டால்?

வைரஸ்_வேலு

அக்கா, பயப்பட ஒரு நியாயமான காரணம் உண்டு. அதே 2003 செப்டம்பரில், தொற்றலை ஓய்ந்தபிறகு, இங்கே ஒரு முதுநிலை மாணவருக்கு ஆய்வுக்கூடத்தில் சார்ஸ் தொற்றியது. அவர் வேலை செய்தது வெஸ்ட் நைல் வைரஸில். அந்த மாதிரியில் சார்ஸ் வைரஸ் கலந்திருந்தது. அவர் குணமடைந்தார், வேறு யாருக்கும் பரவவில்லை. அதன்பின் விதிமுறைகள் மிகவும் இறுகின. உயிரியல் கிருமிகள், நச்சுகள் பற்றிய சட்டம் 2006இல் நடைமுறைக்கு வந்தது. எந்தக் கிருமியை எங்கே யார் வைத்திருக்கலாம் என்பதெல்லாம் இப்போது சட்டத்துக்குள் இருக்கிறது.

பிஎஸ்எல் என்பது ஆய்வுக்கூடத்தின் உயிரியல் பாதுகாப்பு நிலை, எண் கூடக் கூட ஆபத்தான கிருமி. உங்கள் மகனை பிஎஸ்எல்-3 கூடத்துக்குள் யாரும் விடமாட்டார்கள். சார்ஸ், காசநோய்க் கிருமியெல்லாம் அங்கேதான் வளர்க்கப்படும். நானே பல மாதப் பயிற்சிக்குப் பிறகுதான் உள்ளே போனேன். விடுமுறை மாணவர்கள் பிஎஸ்எல்-1, பிஎஸ்எல்-2 வேலைதான் செய்வார்கள். காசநோயில் ஆர்வம் என்றால் அதன் சாதுவான உறவான ஸ்மெக்மாட்டிஸ் பாக்டீரியாவைத் தருவார்கள். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு: காசநோய்க் கிருமி ஒருமுறை இரட்டிக்க ஏறக்குறைய ஒரு நாள் எடுத்துக்கொள்ளும், ஸ்மெக்மாட்டிஸுக்கு மூன்று மணி நேரம் போதும். ஒரு மாத விடுமுறையில் எதை வைத்து முடிவு பார்க்க முடியும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

செங்காங்_தாய்

நன்றி தம்பி. கொஞ்சம் நிம்மதி. அவனிடம் இதைக் காட்டுகிறேன்.

கும்பகோணத்து_கோகுல்

சிங்கப்பூர்க்காரர்களே, நான் ஊரில் எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் படிக்கிறேன், இந்த இழையைத் தற்செயலாகப் பார்த்தேன். எனக்குக் காசநோய் ஆய்வில் ஆர்வம். சென்னை சேத்துப்பட்டில் இருக்கும் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1956இல் தொடங்கிய சோதனைதான் காசநோயாளியை சானடோரியத்தில் அடைக்க வேண்டியதில்லை, வீட்டிலேயே மருந்து கொடுத்துக் குணப்படுத்தலாம் என்று உலகத்துக்குக் காட்டியது. அதைப் படித்த நாளிலிருந்து இதுதான் என் துறை என்று முடிவு. சிங்கப்பூருக்குப் பயிற்சிக்கு வர வழி உண்டா?

பிப்பெட்_அக்கா

உண்டு கோகுல். சிங்கப்பூர் அரசின் ஆய்வு அமைப்பான ஏ ஸ்டார் தரும் சிப்கா என்ற விருதைத் தேடிப் பாருங்கள். வெளிநாட்டு மாணவர்களுக்கானது, இரண்டு முதல் ஆறு மாதம், உதவித்தொகையோடு. தகுதி விதிகளை அவர்கள் பக்கத்திலேயே பாருங்கள், எம்.எஸ்சி.க்குப் பொருந்துமா என்று உறுதி செய்துகொண்டு விண்ணப்பியுங்கள். ஊரிலேயே இந்திய அறிவியல் கழகங்களின் கோடை ஆய்வு உதவித்தொகையும் இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள்.

வேடிக்கையைப் பாருங்கள். வெளிநாட்டு மாணவருக்கு உதவித்தொகையோடு ஒரு கதவு இருக்கிறது, யீஷூனில் இருக்கும் பாலி மாணவிக்குத்தான் நாம் வழி தேடிக்கொண்டிருக்கிறோம். கோகுல், உங்களைச் சொல்லவில்லை, தாராளமாக வாருங்கள்!

துவாஸ்_தொண்டன்

முருகையா ஐயா ‘இனத்தைச் சொல்லி ஏன்’ என்று கேட்டதற்கு நான் வேறு பக்கத்திலிருந்து பதில் சொல்கிறேன். நான் அறிவியல் படித்தவன் இல்லை, தளவாடத் துறையில் வேலை. 2020இல் வெளிநாட்டு ஊழியர் விடுதிகளில் கொவிட் பரவியபோது தொலைபேசியில் தமிழில் பேசும் தொண்டூழியனாக இருந்தேன்.

அந்த டிசம்பரில் அரசு வெளியிட்ட கணக்கு நினைவிருக்கிறதா? விடுதிகளில் இருந்த சுமார் 323,000 பேரில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று வந்து போயிருந்தது. பிசிஆர் சோதனையில் அப்போதே தெரிந்தவர்கள் 54,505 பேர். இன்னும் 98,289 பேருக்கு இரத்தத்தில் எதிர்ப்பொருள் இருந்ததை வைத்துப் பிறகுதான் தெரிந்தது. பெரும்பாலானோருக்கு அறிகுறி இல்லை அல்லது லேசாக இருந்தது என்று விளக்கினார்கள். உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் நான் பேசிய ஆட்களில் சிலர் இருமிக்கொண்டே ‘ஒன்றும் இல்லை சார்’ என்பார்கள். வேலை போய்விடுமோ, ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். அரியலூர்க்காரரிடம் அரைமணி நேரம் ஊர்க்கதை பேசியபிறகுதான் மூன்று நாளாக வாசனை தெரியவில்லை என்று சொன்னார். படிவத்தில் அவர் ‘அறிகுறி இல்லை’ என்ற கட்டத்தில் இருந்திருப்பார்.

இரத்தம் கொடுத்தவர்களில் தமிழர்கள் ஏராளம். ஆனால் கேள்வித்தாளை எழுதும் மேசையில் அந்த ஆளின் தயக்கம் புரிந்த ஒருவர் இருந்தால் கேள்வியே வேறு மாதிரி இருந்திருக்கும். வாசுகி போன்ற பெண் அந்த மேசைக்குப் போக வேண்டும் என்று நான் சொல்வது அவளுக்கு உதவி செய்வதற்காக அல்ல. ஆய்வுக்கு அவள் தேவை.

தேக்கா_முருகையா

நீங்கள் சொன்னதை இரண்டு தடவை படித்தேன். இப்போது தேசிய தொற்றுநோய் மையம் இருக்கிறதே, 2019இல் திறந்தது. அதற்கு முன்பு மோல்மீன் ரோட்டில் இருந்ததை நாங்கள் மிடில்டன் மருத்துவமனை என்போம். என் அத்தை அங்கே துப்புரவு வேலை பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் குளிக்காமல் எங்களைத் தொடமாட்டார். தொற்றுநோய்க் கட்டடத்துக்குள் நம் ஆட்கள் எப்போதும் இருந்திருக்கிறார்கள், துடைப்பத்தோடு. சரி, இந்த விஷயத்தில் உங்கள் பக்கம் வருகிறேன்.

இருந்தாலும் ஒன்று. இந்தியாவில் எச்ஐவியை முதலில் கண்டுபிடித்த நிர்மலா செல்லப்பன் சென்னை மருத்துவக் கல்லூரி மாணவிதான். 1986. காப்பகத்தில் இருந்த பெண்களைத் தேடிப் போய் இரத்தம் எடுத்து, மாதிரிகளை வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, வேலூருக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார். அவருக்கு எந்தத் திட்டம் உதவியது?

பிப்பெட்_அக்கா

ஐயா, சுனிதி சாலமன் உதவினார்! அந்தத் தலைப்பை எடுத்துக் கையில் கொடுத்ததே அந்தப் பேராசிரியைதான். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி (சிஎம்சி) தன் கருவியைப் பயன்படுத்த விட்டது. கணவர் ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு அலைந்தார். வழிகாட்டி, கருவி, வீட்டு ஆதரவு. ஒரு நல்ல பயிற்சித் திட்டம் தருவதும் அந்த மூன்றைத்தான். தற்செயலாக ஒருவருக்கு வாய்த்ததை ஏற்பாடாக்கிப் பலருக்குக் கொடுக்கச் சொல்கிறோம்.

துவாஸ்_தொண்டன்

அக்கா அடித்தது ஆறு 🙂

வைரஸ்_வேலு

வாசுகிக்கு நடைமுறை விஷயம் கொஞ்சம் எழுதுகிறேன், மற்றவர்கள் தாண்டிப் போகலாம்.

உள்ளே போனபின் எட்டு வாரம் என்பது எவ்வளவு குறைவு என்று யாரும் சொல்வதில்லை. பாதுகாப்புப் பயிற்சி, நுழைவட்டை, கணினிக் கணக்கு என்று தொடக்கம் அப்படியே போய்விடும். டெங்கியை எடுத்துக்கொள். கொசுவிலிருந்து வந்த சி6/36 செல்களை 28 பாகையில் வளர்க்க வேண்டும், குரங்குச் சிறுநீரகத்திலிருந்து வந்த வெரோ செல்களை 37 பாகையில். மாதிரியில் எவ்வளவு வைரஸ் இருக்கிறது என்று எண்ண பிளாக் சோதனை. செல் படுகையில் வைரஸ் தின்ற இடமெல்லாம் ஓட்டையாகத் தெரியும், ஊதாச் சாயம் ஊற்றி எண்ணுவோம். ஒரு தடவை செய்ய ஒரு வாரம் ஆகும். நடுவில் பூஞ்சை புகுந்தால் அந்த வாரம் குப்பைக்கு. ஆகவே பயிற்சி முடியும்போது கையில் இரண்டு ஒழுங்கான வரைபடம் இருந்தாலே பெரிய வெற்றி. ‘நான் மருந்து கண்டுபிடிப்பேன்’ என்று மின்னஞ்சலில் எழுதுகிறவர்களைப் பார்த்துப் பேராசிரியர்கள் சிரித்துவிட்டு மூடிவிடுவார்கள்.

உன் நிலைமையில் நான் கணினி வேலையைக் கேட்பேன். வைரஸ் மரபணு வரிசைகளை ஒப்பிட்டுக் குடும்ப மரம் வரைவது, நோய் எண்ணிக்கையை ஆர் என்ற கணினி மொழியில் ஆராய்வது போன்றவை. மடிக்கணினி போதும், மாலையில் கடை வேலை முடிந்தும் செய்யலாம், நாட்காட்டித் தொல்லையும் குறைவு. நெக்ஸ்ட்ஸ்ட்ரெயின் தளத்தில் டெங்கி மரம் எல்லாருக்கும் திறந்திருக்கிறது, நான்கு வகை டெங்கியும் தனித்தனியாக. இன்றைக்கே போய்ப் பார். சிலர் இதை ‘உண்மையான ஆய்வு இல்லை’ என்பார்கள். அவர்கள் பேச்சைக் கேட்காதே. பிப்பெட் பிடிப்பதைப் பிறகு ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம்.

பிப்பெட்_அக்கா

ஒரு வாரமா? என் மாணவர்களை வந்து பார் வேலு.

வாசுகி_யீஷூன்

படித்துப் படித்துத் தலை சுற்றுகிறது, ஆனால் சந்தோஷம். மரத்தைப் பார்த்தேன். சிங்கப்பூர் மாதிரிகளை மட்டும் பிரித்துப் பார்த்தால், பக்கத்து நாட்டு மாதிரிகளோடு கலந்து கலந்து கிளைவிடுகிறது. அது ஏன் என்று கேட்டு ஒரு மின்னஞ்சல் எழுத ஆரம்பித்திருக்கிறேன். ‘மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு, என் பெயர் வாசுகி, எனக்குச் சிறுவயது முதல் அறிவியலில் ஆர்வம்’ என்று தொடங்குகிறது. சரியா?

பிப்பெட்_அக்கா

சிறுவயது ஆர்வத்தை வெட்டு, எல்லாருக்கும் அது உண்டு. அந்த மரத்தில் நீ பார்த்ததிலிருந்து ஆரம்பி. அவர்களுடைய ஆய்வுக் கட்டுரை ஒன்றைப் படித்து, அதில் புரியாத ஒரு இடத்தைக் கேள். எந்த மாதங்களில் வரமுடியும், இறுதியாண்டு வேலைப் பயிற்சியையும் அங்கேயே செய்யலாமா என்று நேரடியாக எழுது. கடை வேலை பார்த்துக்கொண்டே படிப்பதை மறைக்காதே. நேரத்துக்கு வருவாள், கை சுத்தமாக இருக்கும் என்று அதிலிருந்தே ஊகிப்பேன் நான். பேராசிரியருக்கு அனுப்பும்போது அவர் கூடத்தில் இருக்கும் ஆய்வாளர் ஒருவருக்கும் அனுப்பு. பேராசிரியர்களின் பெட்டியில் மின்னஞ்சல்கள் மூழ்கிப்போகும், உண்மையில் உனக்குச் சொல்லித்தரப் போவதும் அந்த ஆய்வாளர்தான். பத்து நாளில் பதில் இல்லையென்றால் மறுபடி ஒரு வரி அனுப்பு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வாசுகி_யீஷூன்

கடைசியாக ஒன்று. பணம் தருவார்களா என்று முதல் மின்னஞ்சலிலேயே கேட்கலாமா?

வைரஸ்_வேலு

வேண்டாம். முதலில் பதில் வரட்டும். நேரில் பேசும்போது கேள்.

பிப்பெட்_அக்கா

நான் கேள் என்பேன். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். ‘உதவித்தொகை இருந்தால் முழுநேரம் வரமுடியும், இல்லையென்றால் வாரத்தில் இரண்டு நாள்’ என்று ஒரே வரி. அதைப் பார்த்து முகம் சுளிக்கிற கூடத்தில் நீ போய் என்ன செய்யப் போகிறாய்?

தேக்கா_முருகையா

கேட்டுவிடு பெண்ணே. நான் பக்கத்து புளோக் சிண்டா தொண்டரிடம் அந்தச் சிறு தொகை விஷயத்தைப் பேசிப் பார்க்கிறேன். எழுத்தில் கொடு என்பார்கள். பிப்பெட் அம்மா, நீங்கள் ஒரு பக்கம் எழுதித் தரமுடியுமா?

பிப்பெட்_அக்கா

ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்புகிறேன் ஐயா. ஐடிஇ பிள்ளைகளையும் சேர்த்துத்தான் எழுதுவேன், அதை வெட்டச் சொல்லக்கூடாது.

வாசுகி_யீஷூன்

அந்த ஒரு வரியைச் சேர்த்து அனுப்பிவிட்டேன். மூன்று கூடங்களுக்கு. வேலு அண்ணே கோபித்துக்கொள்ள வேண்டாம்.